நடிகர் வாழ்க்கை வரலாறு: வாங்குறதுக்கு முன்னாடி எந்தப் பக்கத்தைப் புரட்டணும்?

காட்பாடி ஜங்ஷன் | ஜூன் 3, இரவு 9.40

நடிகர்களைப் பத்தி வர்ற வாழ்க்கை வரலாறு எல்லாமே ஒண்ணு பாலாபிஷேகம், இல்லன்னா சேறு. நடுவுல எதுவும் கிடையாது. மறுக்கிறவங்க மறுக்கலாம், ஆனா சும்மா மறுக்காம கடையில நின்னபடியே பத்து நிமிஷத்துல ஒரு புத்தகத்தை எப்படி எடைபோடுறதுன்னு சொல்லுங்க. அட்டை, முன்னுரை, பின்னட்டை வாசகம் மூணும் எல்லாத்துலயும் ஒரே அச்சுதான்.

பழைய பேப்பர் | ஜூன் 3, இரவு 10.55

முன்னுரையைத் தாண்டிடுங்க. நடிகரைப் பற்றிய பக்கங்களையும் முதலில் தொடாதீங்க. அவரைச் சுற்றி இருக்கிறதைப் பாருங்க: ஊர், காசு, தேதி. நடிகரைப் பற்றிய கதைகளை நாற்பது வருஷமா ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் வாங்கிச் சொல்லித் தேய்ச்சுப் பளபளப்பாக்கி வைச்சிருக்காங்க. அங்கே ஓட்டை தெரியாது. ஊர்ப்பேரையும் காலணாவையும் யாரும் தேய்க்கிறதில்லை. எழுதினவர் உண்மையிலேயே பழைய காகிதத்தைப் புரட்டினாரா, இல்லை காதில் விழுந்ததை எழுதினாரா என்பது அங்கேதான் தெரியும்.

நம்ம வேலூர்லேயே ஆரம்பிக்கலாம். 1950-ல் நடந்ததைச் சொல்லும்போது “வேலூர் மாவட்டம்” என்று இருந்தால் ஒரு கோடு போட்டுக்குங்க. அப்போது இருந்தது வட ஆற்காடு. 1989-ல்தான் அது வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று இரண்டானது. வேலூர் மாவட்டம் என்ற பெயர் அதற்கும் பிறகு. 2019 நவம்பரில் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் தனியாகப் போயின. “இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள வாணியம்பாடி” என்று எழுதினால் சரி. “1950-ல் திருப்பத்தூர் மாவட்ட வாணியம்பாடியில்” என்றால் எழுதினவர் கூகுளைப் பார்த்திருக்கார்.

அதே மாதிரி 1969 ஜனவரி 14-க்கு முன்னால் “தமிழ்நாடு அரசு” வந்தால் ஒரு கோடு. 1957 ஏப்ரல் 1-க்கு முன்னால் தியேட்டர் டிக்கெட் பைசாவில் இருந்தால் இன்னொரு கோடு.

முதல் ஐம்பது பக்கத்தில் மூணு கோடு விழுந்தா கீழே வைச்சிடலாம்.

பொட்டி ரெப் | ஜூன் 4, காலை 7.15

வாத்யாரே, பைசா மேட்டர்ல நீங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க. 57-க்கு முன்னாடியும் பைசா இருந்திச்சு. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா, ஆக ரூபாய்க்கு 64 பைசா. காலணான்னு சொல்றது அந்தப் பைசாவைத்தான். அதனால “பைசா”ன்னு வந்தாலே கோடு போட்டுடக் கூடாது. “50 பைசா டிக்கெட், 1952”ன்னு வந்தா கோடு போடுங்க. அன்னிக்கு அது எட்டணா. அதே போல 57-லேந்து 64 வரைக்கும் புதுக் காசுக்குப் பேரு நயா பைசா. அந்த வருஷத்துக் கதையில நயா பைசான்னு எழுதியிருந்தா, ஆளு பழைய டிக்கெட்டையோ விளம்பரத்தையோ கண்ணால பார்த்திருக்கான்னு அர்த்தம். அதுக்கு மார்க்கு குடுங்க.

பழைய பேப்பர் | ஜூன் 4, காலை 8.02

ஒத்துக்கறேன். நேற்றைய குறிப்பில் கடைசி வரிக்கு முந்தின வரியை இப்படித் திருத்திப் படிங்க: “1957-க்கு முன்னால் டிக்கெட் விலை நூறு பைசா ரூபாய்க் கணக்கில் வந்தால் இன்னொரு கோடு.” 25, 50, 75 என்று உருண்டையாக வந்தால் சந்தேகம்.

பழைய பேப்பர் | ஜூன் 4, மதியம் 1.30

ஊர்ப்பேரில் இன்னொரு பொறி இருக்கு. வேலூர்க்காரங்களுக்கு அல்வா மாதிரி, சென்னையில் உட்கார்ந்து எழுதறவங்களுக்குக் கண்ணி. சைதாப்பேட்டை வேலூரிலும் இருக்கு. சேத்துப்பட்டு போளூர்ப் பக்கம் ஒண்ணு, சென்னையில் ஒண்ணு. திருப்பத்தூர் நம்முடையது ஒண்ணு, சிவகங்கைப் பக்கம் ஒண்ணு. ஆரணி நமக்கும் உண்டு, பொன்னேரிப் பக்கமும் உண்டு. ஒரு நாடகக் கம்பெனி “சேத்துப்பட்டில் முகாம் போட்டது” என்று பழைய நோட்டீஸில் இருந்தால், அடுத்த முகாம் எந்த ஊர் என்று பார்க்கணும். ஆரணி, வந்தவாசி என்று போனால் அது நம்ம சேத்துப்பட்டு. பார்க்காமல் எழுதினால் கம்பெனியை எழும்பூர் ரயில்வே லைன் ஓரத்தில் கொட்டகை போட வைச்சிடுவாங்க.

ஆங்கிலத்தில் எழுதித் தமிழுக்கு வந்த புத்தகமாக இருந்தால் இன்னும் மோசம். கோடம்பாக்கம் வடபழனி வழியாகப் போகிற ஆற்காடு சாலையில்தான் ஸ்டுடியோக்கள். அது மொழிபெயர்ப்பில் ஒரு சொல் உதிர்ந்தால் “ஆற்காட்டில் இருந்த ஸ்டுடியோ” ஆகிவிடும். ஆற்காட்டில் கிடைக்கிறது மக்கன் பேடா. ஸ்டுடியோ இல்லை.

பெயரோடு ஒட்டின ஊர் பிறந்த ஊர் என்று நினைப்பதும் இதே ரகம். பழைய நடிகர் சித்தூர் வி. நாகையா பிறந்தது குண்டூர்ப் பக்கம் ரேபள்ளேயில். சித்தூர் என்பது அவர் நாடகம் ஆடின ஊர். 1911-க்கு முன் சித்தூரே வட ஆற்காட்டுக்குள்தான் இருந்தது என்பதால், “நம்ம மாவட்டத்துக்காரர்” என்று உள்ளூர்ப் பெருமையில் சேர்த்துக்கொள்கிற ஆசை வரும். கட்டுப்படுத்திக்கணும்.

பக்கம் 16 | ஜூன் 4, இரவு 9.20

மொழிபெயர்ப்புக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். பையன்களை வைத்து நாடகம் போட்ட “பாய்ஸ் கம்பெனி” என்பதை “சிறுவர் நிறுவனம்” என்றும், “டூரிங் டாக்கீஸ்” என்பதை “சுற்றுலாத் திரையரங்கு” என்றும் போட்டிருந்தால், மொழிபெயர்த்தவருக்கும் அந்தத் தொழிலுக்கும் சம்பந்தம் இல்லை. மெய்ப்புப் பார்த்தவருக்கும் இல்லை.

காட்பாடி ஜங்ஷன் | ஜூன் 4, இரவு 9.31

சுற்றுலாத் திரையரங்கு 😂 ஊட்டிக்கு டூர் போற கொட்டகை.

பக்கம் 16 | ஜூன் 5, காலை 6.50

புத்தகத்தைத் திறக்காமலேயே சில விஷயம் தெரியும். பதிப்புப் பக்கத்தில் தொடங்குங்கள். புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். 13 இலக்கமானது 2007 ஜனவரியில், அதற்கு முன் 10 இலக்கம். “முதற்பதிப்பு 1998” என்று போட்டு 978-ல் தொடங்கும் எண் இருந்தால் கையில் இருப்பது மறுபதிப்பு. அதில் தப்பில்லை. “திருத்திய பதிப்பு” என்று இருக்கிறதா, வெறும் “இரண்டாம் பதிப்பு” என்று இருக்கிறதா என்று பாருங்கள். நடிகர் இடையில் இறந்திருந்து, புத்தகம் அவரை இன்னும் நிகழ்காலத்தில் பேசினால் யாரும் திருத்தவில்லை.

அடுத்து பக்க எண்ணிக்கை. பாரம் என்பது ஒரே தாளில் அச்சாகி மடிகிற பக்கங்களின் கட்டு, பாரத்துக்கு 16 பக்கம். நடிகர் இறந்த மாதமே வந்த புத்தகம், 192 பக்கம், அதாவது 12 பாரம், எழுத்து 14 பாயின்ட், அத்தியாயத்துக்கு அத்தியாயம் பாதிப் பக்கம் வெள்ளை என்றால் உள்ளே சரக்கு நாலு பாரத்துக்குத்தான் இருக்கும். பழைய வார இதழ்ப் பேட்டிகளை அடுக்கி அவசரத்தில் கட்டியது.

வார இதழ்த் தொடர் புத்தகமானதா என்று கண்டுபிடிக்க மூன்று அத்தியாய முடிவுகளைப் படித்தால் போதும். மூன்றும் “அப்போது கதவு தட்டப்பட்டது. வந்தது யார்?” என்கிற தினுசில் நின்றால் தொடர்தான். தொடராக வந்ததே குற்றம் இல்லை. புத்தகமாக்கும்போது மறுபடி படிக்காமல் விட்டதுதான் குற்றம். ஒரே சம்பவம் 3-ம் அத்தியாயத்தில் ஒரு விதமாகவும் 27-ல் வேறு விதமாகவும் வரும், ஏனென்றால் இரண்டுக்கும் நடுவில் ஆறு மாதம்.

பொருளடைவு, அதாவது கடைசியில் வரும் அகரவரிசைப் பெயர்ப் பட்டியல், இல்லை என்று ஒதுக்க வேண்டாம். தமிழில் பெரும்பாலும் போடுவதில்லை, பாரம் கூடும் என்கிற கணக்கு. படப்பட்டியலாவது இருக்க வேண்டும். அதிலும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். கௌரவ வேடம், வேற்றுமொழிப் படம், வெளிவராத படம் மூன்றையும் எப்படிக் கணக்கில் எடுத்தார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாரா என்பதே கேள்வி. எழுதியிருந்தால் எண் தப்பாக இருந்தாலும் ஆள் நேர்மையானவர்.

பழைய பேப்பர் | ஜூன் 5, மாலை 5.45

தேதி பரிசோதனைக்கு வருகிறேன். கிழமை போட்டு எழுதியிருந்தால் கைப்பேசி நாட்காட்டியில் அரை நிமிஷத்தில் சரிபார்க்கலாம். எம்.ஜி.ஆர். சுடப்பட்ட 1967 ஜனவரி 12 வியாழக்கிழமை. இறந்த 1987 டிசம்பர் 24-ம் வியாழன். பராசக்தி வெளியான 1952 அக்டோபர் 17 வெள்ளி. கிழமை தப்பினால் தேதியும் காதில் விழுந்ததுதான்.

இது சில்லறைச் சோதனை. பெரிய சோதனை வேறு: எத்தனை வருஷத்துக்கு எத்தனை பக்கம்? எம்.ஜி.ஆரையே எடுத்துக்குவோம். சதி லீலாவதி 1936. சின்ன வேஷம். கதாநாயகனாக ராஜகுமாரி 1947. நடுவில் 11 வருஷம். இந்தப் பதினோரு வருஷத்துக்கு ஒன்றரைப் பக்கமும், தனிக்கட்சி தொடங்கின 1972-க்குப் பிறகு முன்னூறு பக்கமும் இருந்தால் அது நடிகரின் வரலாறு இல்லை, தலைவரின் வரலாறு. அட்டையில் எதைப் போட்டிருந்தாலும் சரி. அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் பெயர் டைட்டிலில் ராம்சந்தர் என்று போனதைக்கூடச் சொல்லாத புத்தகம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டலை என்று அர்த்தம். படத்தோடு சேர்த்து விற்ற அந்தச் சின்னப் பாட்டுப் புத்தகங்களில் நடிகர் பட்டியல் அச்சாகி இருக்கும். அன்று அவரை எந்தப் பெயரில், எத்தனையாவது வரியில் போட்டார்கள் என்பது அங்கேதான் இருக்கு.

தோல்விப் பக்கமும் அப்படித்தான். சிவாஜி 1988-ல் தனிக்கட்சி தொடங்கி, 1989-ல் திருவையாற்றில் தோற்றார். அந்தத் தோல்வியை “அரசியல் அவருக்கு ஒத்துவரவில்லை” என்று ஒரு வாக்கியத்தில் தாண்டினால் அபிஷேகம். அதையே மூணு அத்தியாயம் இழுத்துச் சிரித்தால் சேறு. ஏன் திருவையாறு, யாரோடு கூட்டணி, ரசிகர் மன்றங்கள் ஓட்டாக மாறாததற்கு என்ன காரணம் என்று போனால், ஜங்ஷன் இல்லைன்னு சொன்ன அந்த நடு இதுதான்.

பொட்டி ரெப் | ஜூன் 5, இரவு 11.10

கிழமைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. 100 நாள் கணக்கை யாரும் சரியா சொல்றதில்ல, இங்க ஒரு தடவை எழுதி வெச்சிடறேன்.

வெள்ளிக்கிழமை ரிலீஸுன்னு வெச்சுக்கோங்க. அன்னிக்கு முதல் நாள். 14 வாரம் முடியறப்போ 98-வது நாள், வியாழக்கிழமை. வெள்ளிக்கு அடுத்த படத்தோட பிலிம் பொட்டி வந்து நிக்கும். 100 நாள் போஸ்டர் அடிக்கணும்னா 15-வது வாரமும் அந்தக் கொட்டகையைப் பிடிச்சு வெச்சிருக்கணும். 100-வது நாள் விழறது சனிக்கிழமை. பராசக்திக்குக் கணக்குப் போட்டா 1953 ஜனவரி 24, சனி. வெள்ளிவிழான்னு சொல்ற 175 நாள் அப்படியில்ல. 25 வாரம், கச்சிதமா வியாழக்கிழமையில முடியும். அதனால 100 நாள்ல தில்லுமுல்லு ஜாஸ்தி, வெள்ளிவிழாவுல கொஞ்சம் கம்மி.

தில்லுமுல்லு ரெண்டு வகை. ஒண்ணு ஷிப்டிங். ஒரு தியேட்டர்ல எட்டு வாரம், அங்கேந்து எடுத்து அதே ஊர்ல சின்னத் தியேட்டர்ல ஆறரை வாரம், ரெண்டையும் கூட்டி நூறு. இன்னொண்ணு காலைக் காட்சி. புதுப்படம் மெயின் ஷோவுக்கு வந்துடும், இது தினம் ஒரே ஒரு காட்சி ஓடி நாளை மட்டும் எண்ணிக்கிட்டு இருக்கும். புத்தகத்துல “வேலூரில் 100 நாள்”னு இருந்தா எந்தத் தியேட்டர், ரெகுலரா ஷிப்டிங்கா, எத்தனை காட்சின்னு கேளுங்க. பேப்பர் விளம்பரத்துல 13-வது வாரமும் 15-வது வாரமும் தியேட்டர் பேரு ஒண்ணா இருக்கான்னு பார்த்தாலே பாதி வெளுத்துடும். டி.சி.ஆர்., அதாவது தினசரி வசூல் ரிப்போர்ட், அது கையில கிடைச்ச எழுத்தாளன் வசூலை ஊர்வாரியா போடுவான். கிடைக்காதவன் “வசூல் மழை”ன்னு போடுவான்.

இன்னொண்ணு. படத் தொழில்ல இன்னிக்கும் நம்ம ஏரியாவுக்குப் பேரு என்.எஸ்.சி. நார்த் ஆற்காடு, சவுத் ஆற்காடு, செங்கல்பட்டு. கலெக்டர் ஆபீஸ்ல வட ஆற்காடு போயி எத்தினியோ வருஷம் ஆச்சு, விநியோகஸ்தர் பில்லுல மட்டும் உசுரோட கீது. வசூல் பத்தி எழுதறவன் இந்த ஏரியாப் பிரிவே தெரியாம “மாவட்டம் மாவட்டமாக” அலசினா, அவன் டிஸ்ட்ரிபியூஷன் ஆபீஸ் படி ஏறினதே இல்ல.

பழைய பேப்பர் | ஜூன் 6, காலை 9.05

ரெப் சொன்னதோடு ஒட்டினது. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ஹரிதாஸ் “மூன்று தீபாவளி கண்ட படம்” என்பது எல்லாப் புத்தகத்திலும் வரும். சில பேர் அதை “மூன்று ஆண்டுகள் ஓடிய” என்று மாத்திடறாங்க. வெளியானதே 1944 அக்டோபர் 16, தீபாவளி அன்று. அதுவே முதல் தீபாவளி. மூணாவது 1946 அக்டோபரில். ரெண்டு வருஷமும் சில நாளும் ஓடினால் போதும், மூணு தீபாவளி ஆச்சு. சுமார் 105 வாரம். 110 வாரம், 114 வாரம், 133 வாரம் என்று எண்கள் சுற்றுது. மூணுமே மூணு தீபாவளிக் கணக்குக்குள் அடங்கும். எது சரி என்பதைத் தியேட்டர் விளம்பரத்தை வைத்துச் சொல்கிறவர்தான் எழுத்தாளர். “மூன்று ஆண்டுகள்” என்றால் விரலை மடக்கி எண்ணக்கூட இல்லை.

அந்தக் காலப் படம் “மூன்றரை மணி நேரம் ஓடும்” என்று வந்தாலும் கவனிங்க. போர்க்காலத்தில் பிலிம் பஞ்சம், 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. 35 எம்.எம். நிமிஷத்துக்கு 90 அடி. வகுத்தால் இரண்டு மணி நேரமும் இரண்டு நிமிஷமும்.

பழைய பேப்பர் | ஜூன் 6, காலை 9.40

பாகவதர் பேச்சு வந்ததால் வழக்குப் பக்கத்தையும் சொல்லிடறேன். பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, பாகவதர் சிறைக்குப் போனது. பெரும்பாலும் “லண்டன் பிரிவி கவுன்சில் விடுதலை செய்தது” என்று ஒரே வரி. அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் விடுதலை செய்யலை. மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்துக்கே அனுப்பியது. விடுதலை 1947 ஏப்ரலில், சென்னையில். அங்கே பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன் தரப்பில் வாதாடினவர் வி.எல். எத்திராஜ். வேலூரில் பிறந்தவர், எத்திராஜ் கல்லூரியை நிறுவினவர். இந்த இரண்டு படியையும் பிரித்துச் சொல்கிற புத்தகம் தீர்ப்பைப் படிச்சிருக்கு. சொல்லாதது இன்னொரு புத்தகத்தைப் படிச்சிருக்கு.

எந்த வழக்கானாலும் இதே கேள்விதான்: எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, விடுதலையா, தண்டனைக் குறைப்பா, மறுவிசாரணையா?

காட்பாடி ஜங்ஷன் | ஜூன் 6, மாலை 4.15

இதெல்லாம் கடையில நின்னு பத்து நிமிஷத்துல ஆகுமா? தாசில்தார் ஆபீஸ் விசாரணை மாதிரி இருக்கு.

பழைய பேப்பர் | ஜூன் 6, மாலை 4.22

ஆகாது. கடையில் நாலே பக்கம்: பதிப்புப் பக்கம், முதல் படத்துக்கு முந்தின வருஷங்கள், ஒரு தோல்வி, படங்கள் அச்சான பளபளத் தாள். மீதி வீட்டில்.

பக்கம் 16 | ஜூன் 6, இரவு 8.30

பளபளத் தாளுக்கு: படத்தின் கீழ் “படப்பிடிப்பின்போது” என்று மட்டும் இருந்தால் பூஜ்யம். எந்தப் படம், எந்த வருஷம், பக்கத்தில் நிற்பவர் யார், ஸ்டில் எடுத்தது யார் என்ற நாலில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். வொர்க்கிங் ஸ்டில்லை, அதாவது கேமராவும் விளக்கும் ஆட்களும் தெரிகிற படத்தைப் போட்டிருந்தால் நல்ல குறி. அது ரசிகர் ஆல்பத்தில் கிடைக்காது.

இடவலம் மாறி அச்சான படம் நிறைய வரும். சட்டைப் பை இடது மார்பில் இருக்க வேண்டும். வலது மார்பில் இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வகிடு, மச்சம் எல்லாம் பக்கம் மாறியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு “இடது கன்னத்து மச்சம்” என்று ஆசிரியர் வர்ணித்திருந்தால் இன்னும் விசேஷம்.

பழைய பேப்பர் | ஜூன் 8, காலை 6.30

ரெண்டு நாள் யோசிச்சதில் என் முதல் குறிப்பே எனக்கு உறுத்துது. மூணு கோடு விழுந்தா கீழே வைச்சிடலாம்னு எழுதினேன். ஒரு மேக்கப்மேனோ, ஒரு நாடகக் கம்பெனி ஆர்மோனியக்காரரோ சொல்லக் கேட்டு எழுதின புத்தகம் இருந்தால், அதில் தேதி எல்லாம் தப்பாகத்தான் இருக்கும். மாவட்டம் தப்பாக இருக்கும். ஆனால் வேஷம் கட்ட எத்தனை மணிக்கு உட்கார்ந்தாங்க, அரிதாரத்தில் என்ன கலந்தாங்க, யார் யாருக்கு முதலில் பந்தி என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதைக் கீழே வைச்சா நஷ்டம் நமக்கு. மறுபக்கம், தேதி ஒண்ணுகூடப் பிசகாமல் எழுதி உயிரே இல்லாத புத்தகமும் உண்டு. முழக்கோல் சரியா இருக்குன்னு துணி நல்ல துணி ஆயிடாது.

அதனால் இரண்டாவது சோதனை ஒண்ணு வேணும். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த நடிகர் என்றால் நான் தேடுவது ஒரே சொல்: மகரக்கட்டு. பையனுக்குப் பதிமூணு பதினாலு வயசில் குரல் உடையும். அதுவரை ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், பாடிக்கிட்டு இருந்தவன் ஒரே மாசத்தில் கம்பெனிக்கு உதவாதவன் ஆயிடுவான். கதாநாயக வேஷமான ராஜபார்ட்டுக்குக் குரல் இன்னும் தேறலை, ஸ்திரீபார்ட்டுக்குக் குரல் போச்சு. அந்த இடைவெளியில் அவனை என்ன பண்ணினாங்க? திரை இழுக்க விட்டாங்களா, கள்ளபார்ட் (திருடன் வேஷம்), காமெடின்னு தள்ளினாங்களா, ஊருக்கு அனுப்பினாங்களா? பிற்காலத்தில் அவர் வசனத்தை ஏன் அப்படி ஏற்றி இறக்கிப் பேசினார், பாட்டை ஏன் பின்னணிக்கு விட்டார் என்பதற்கெல்லாம் விடை அங்கே கிடைக்கலாம். மகரக்கட்டு பற்றி இரண்டு பக்கம் எழுதினவருக்கு ஐந்து கோடு வரை மன்னிப்பு.

குரல் விஷயம் சினிமாவிலும் உண்டு. எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது குண்டு கழுத்தில் தங்கி, அதன்பின் பேச்சு மாறியது எல்லாருக்கும் தெரியும். காவல்காரன் (1967) அந்தச் சம்பவத்துக்கு முன்னும் பின்னுமாக எடுக்கப்பட்ட படம். நல்ல வரலாற்றாசிரியர் எந்தக் காட்சி முன், எந்தக் காட்சி பின் என்று காதால் பிரித்துச் சொல்லணும். “குரல் மாறியும் மக்கள் அன்பு மாறவில்லை” என்பது சுவரொட்டி வாசகம்.

பொட்டி ரெப் | ஜூன் 8, காலை 10.45

மகரக்கட்டு சூப்பர் பாயின்ட். தெருக்கூத்துலயும் பாருங்க. செய்யாறு, புரிசைப் பக்கத்து ஆளுங்களைப் பத்தி எழுதறப்போ கூத்தையும் மேடையில நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டிடறாங்க. கூத்துல கட்டியக்காரன் உண்டு, முகவீணை உண்டு, மரத்துல செஞ்ச கட்டை நகை கட்டுவாங்க, வேஷம் உள்ள வர்றப்போ ரெண்டு பேரு கைத்திரை பிடிப்பாங்க. மேடைத் திரையெல்லாம் கிடையாது. “கூத்தில் திரை உயர்ந்தது”ன்னு எழுதியிருந்தா ஆளு ராத்திரி பூரா கண்ணு முழிச்சதில்ல.

பழைய பேப்பர் | ஜூன் 8, இரவு 9.15

வேலூர்க்காரங்க எடுத்துப் பார்க்க வேண்டிய பக்கம் ஒண்ணு பாக்கி இருக்கு. சிவாஜி வரலாறு எதுவானாலும் பராசக்தி அத்தியாயத்தில் பி.ஏ. பெருமாள் முதலியாரைத் தேடுங்க. நேஷனல் பிக்சர்ஸ், நம்ம வேலூர். ஏவி.எம்.மோடு சேர்ந்து எடுத்த படம். புது ஆளை மாத்திடலாம் என்று ஏவி. மெய்யப்பன் தயங்கினார், பெருமாள் முதலியார் விடாப்பிடியாக நின்றார் என்பது எல்லாரும் சொல்வது. பிற்காலத்தில் சிவாஜி பொங்கலுக்கு வேலூர் வந்து அவருக்குச் சீர் செய்ததும் தெரிந்ததே.

இங்கே புத்தகத்தின் தரம் மூணு படியாகத் தெரியும். பெருமாள் முதலியார் பேரே இல்லாமல் “ஏவி.எம். எடுத்த பராசக்தி” என்றால் கடைசிப் படி. பேர் இருந்து, நன்றி மறவாத நடிகர் என்று உருகினால் நடுப்படி. இந்தச் செய்தியை யார் சொன்னது, சிவாஜி தரப்பா, பெருமாள் குடும்பமா, ஸ்டுடியோ தரப்பா, மூணும் எங்கே ஒத்துப்போகுது, எங்கே இடிக்குது என்று சொன்னால் முதல் படி. மூடின அறைக்குள் இரண்டு பேர் பேசினதை மேற்கோள் குறி போட்டு எழுதியிருந்தா, அந்த இரண்டு பேரில் யார் வெளியே வந்து யார்கிட்ட சொன்னாங்கன்னு ஒரு வரி வேணும். சிவாஜி முதல் முதலில் கேமரா முன் பேசின சொல் “சக்சஸ்” என்பது மாதிரியான செய்திக்கும் அதே.

பழைய பேப்பர் | ஜூன் 9, காலை 7.00

எங்கே சரிபார்க்கிறதுன்னு தனிச்செய்தியில் ரெண்டு பேர் கேட்டாங்க. தமிழிணையம் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் இலவசம். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பாட்டுப் புத்தகமும் சினிமா இதழும் கிடைக்கும். நேரில் போகணும், இதழ் பேர், வருஷம், மாசம் குறிச்சுக்கிட்டுப் போனா நேரம் மிச்சம். வேலூர் மாவட்ட மைய நூலகத்தில் பழைய பதிப்பு கிடைச்சா புதுப் பதிப்போடு பக்கத்தில் வைச்சுப் பாருங்க. எந்தப் பத்தி காணாமல் போயிருக்கோ அதுதான் ருசியான பத்தி.

வெளியான வருஷத்துக்குச் சுலபமான வழி: இணையத்தில் படம் இருந்தால் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்திப் படிங்க. தேதி, ரீல், நீளம் எல்லாம் இருக்கும்.

பக்கம் 16 | ஜூன் 9, காலை 7.48

கடைசி வரி ஆபத்து. தணிக்கைச் சான்றிதழுக்குச் சட்டப்படி 10 ஆண்டு ஆயுள்தான் இருந்தது. 2023 திருத்தத்தில்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். பழைய படத்தை மறுவெளியீட்டுக்குக் கொண்டு வரும்போது மறுபடி சான்றிதழ் வாங்கியிருப்பார்கள். நீங்கள் நிறுத்திப் படிக்கிற தேதி மறுவெளியீட்டுத் தேதியாக இருக்கலாம். நீளமும் வெட்டுக்குப் பிந்தைய நீளமாக இருக்கலாம்.

பழைய பேப்பர் | ஜூன் 9, காலை 8.10

சரி. அப்படியானால் சான்றிதழை “இந்தத் தேதிக்குள் படம் எடுத்து முடிச்சாச்சு” என்பதற்கு மட்டும் வைச்சுக்குங்க. வெளியான நாளுக்கு அன்றைய பேப்பர் விளம்பரம்தான்.

காட்பாடி ஜங்ஷன் | ஜூன் 14, இரவு 10.20

ஒரு புத்தகத்தை எடுத்து எல்லாத்தையும் போட்டுப் பார்த்தேன். பேர் சொல்லல, சண்டை வேணாம். 416 பக்கம், 26 பாரம். 1948-ல “வேலூர் மாவட்டம்” ஒரு கோடு. “மூன்று ஆண்டுகள் ஓடிய ஹரிதாஸ்” ரெண்டாவது. 1954-ல 75 பைசா டிக்கெட் மூணாவது. பளபளத் தாள்ல 22 படம், அதுல 19-க்கு வருஷம் இல்ல. ரெண்டு படத்துல சட்டைப் பை வலது பக்கம். கீழ வெச்சிடலாம்னு இருந்தேன்.

ஆனா கம்பெனி நாட்களுக்கு 58 பக்கம். மகரக்கட்டு மட்டும் மூணு பக்கம். குரல் போன அந்த எட்டு மாசமும் பையன் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் காத்தடிச்சான், மேன்டில் மாத்தினான், எந்த வேஷத்துக்கு எந்த வெளிச்சம் எங்க விழுதுன்னு விளக்கு பக்கத்துல உக்காந்தே கத்துக்கிட்டான்னு எழுதியிருக்கு. யார் சொன்னதுன்னும் போட்டிருக்கு. கூட இருந்த ஒரு பக்கவாத்தியக்காரர்.

இது அபிஷேகமும் இல்ல, சேறும் இல்ல. என் முதல் பதிவை வாபஸ் வாங்கிக்கறேன், பாதி.

பொட்டி ரெப் | ஜூன் 14, இரவு 10.41

வாங்கினியா இல்லியா, அதச் சொல்லு நைனா.

காட்பாடி ஜங்ஷன் | ஜூன் 14, இரவு 10.43

வாங்கிட்டேன். 58 பக்கத்துக்கு.

பக்கம் 16 | ஜூன் 15, காலை 6.35

மூணரை பாரம் கூட முழுசா இல்லையே. 58-ஐ 16-ஆல் வகுங்கள்.

பழைய பேப்பர் | ஜூன் 15, காலை 7.20

58-ஐ 16-ஆல் வகுத்தால் மூணரையும் கொஞ்சமும், பக்கம் 16 ஐயா. மூணரை பாரம் 56 பக்கம். இரண்டு பக்கம் கூடுதலாகவே இருக்கு.